அடோமாவுக்குக் கிடைத்த எஞ்சின்

“இந்த டாக்ஸியைக் காயலான் கடையில போடுங்க ஆன்ட்டி. இதுக்குப் பொருந்துற எஞ்சின் குமாசி முழுக்கத் தேடியாச்சு, இல்லை,” என்றான் மெக்கானிக் குவாஜோ.

“போட்டுட்டு வீட்டுல முடங்கச் சொல்றியா? என் மகனும் அதையேதான் சொல்றான். அது நடக்காது!” என்றாள் அடோமா. “எஞ்சின் நானே பார்த்துட்டேன். ஜெர்மனியிலேருந்து வந்தது. இதே வகைதான், வயசு மட்டும் கம்மி.”

“நல்லா ஓடுதா?”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டுந்தான் ஓடியிருக்கு. குறையே இல்லை.”

“அப்ப கொண்டு வாங்க.”

“கொண்டு வந்துட்டேனே!”

பட்டறை வாசலில் பளபளவென்று நின்ற காரை அடோமா காட்டினாள். அவள் டாக்ஸி ஓட்டுவதை நிறுத்த வேண்டுமென்று மகன் அனுப்பிய பரிசு அது.

குவாஜோ தலையில் கை வைத்தான். “உங்க மகன் என்னைக் கொன்னுடுவாரு ஆன்ட்டி!”

“இந்தக் கார் டாக்ஸியா ஓடக் கூடாதுன்னான். ஓடாது. எஞ்சினைப் பத்தி அவன் எதுவும் சொல்லலை. கழட்டுடா!”