மோனோரயிலில் இடமில்லை

மோனோரயில் மேடையில் இருந்தவர்கள்: பார்க் முதலாளி தனபால், இன்ஜினியர் தரணி, டிரைவர் அந்தோணிராஜ். பெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கலர் பனியன்கள்.

அந்தோணிராஜ் சலித்துப்போயிருந்தான். "பாதித் தூணுதான் மாத்தியிருக்கு, மொதலாளி. வளைவுல வண்டி ஆடுது. வேலை முடியட்டும்."

"நாளைக்கு லீவுக் கூட்டம் வருது, இன்னிக்கே ஓட்டிப் பாத்தாகணும். இத்தனை பேரு கம்முனு உக்காந்திருக்காங்க, உனக்கு மட்டும் என்னப்பா பயம்? இல்லீன்னா வேற டிரைவரப் பாத்துக்கறேன்."

"அப்ப இன்ஜினியர் சாரும் கூட வரட்டும்."

தரணி பின்வாங்கினார். "எடமில்லீங்களே."

அந்தோணிராஜ் திறந்திருந்த கதவு வழியே எட்டி முன்சீட்டுப் பனியனை ஓங்கிக் குத்தினான். மணல் கொட்டியது. எடைக்காக ஏற்றிய மூட்டைகள். விளம்பர வீடியோவுக்காக எக்ஸ்போர்ட் கம்பெனியில் கழித்த பனியன்களை அவற்றுக்கு மாட்டியிருந்தார்கள்.

"இதுகளுக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல, மொதலாளி. எனக்கு இருக்கு. அதான் ஏறுதேன்."

அவன் ஏறியதும் தனபால் கதவைச் சாத்தி வெளியிலிருந்து பூட்டினார்.