யார் இறங்குவது?

ஒரு பிரபு வீட்டுக் கூடத்தில் அக்காவும் தங்கையும் வயலினிலும், அப்பா செல்லோ என்ற அடிக்குரல் பெரிய வயலினிலும், சொனாட்டா என்ற மேற்கத்திய இசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் அக்காவின் சுரமும் தங்கையின் சுரமும் உரசும். உடனே அக்கா ஒரு படி கீழ்ச் சுரத்துக்கு இறங்கிவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

அன்றைக்கு அக்கா இறங்கவில்லை.

"எப்பப் பாரு நான்தானா? இன்னிக்கு அவ இறங்கட்டும்."

"நான் மாட்டேன், போ!" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் விடாமல் இழுத்ததில் கேட்டவர்களுக்குப் பல் கூசியது. பிரபு எழுந்தே விட்டார்.

அப்பா அடியில் தன் சுரத்தை மாற்றிக்கொண்டார். அதோடு சேர்ந்ததும் அந்த உரசலே இனிமையாகிவிட்டது. பிரபு மறுபடி உட்கார்ந்தார்.

"பாத்தீங்களாப்பா, நான் இறங்கவே இல்ல!" என்றாள் அக்கா.

"நானுந்தான்!" என்றாள் தங்கை.

"ஆமாம் கண்ணுகளா," என்றார் அப்பா, முன்பைவிட நாலு படி கீழ்ச் சுரத்தில் நின்றுகொண்டு.