ஐந்தாவது தடவை

2005 செப்டம்பர் 12, திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, புதுச்சேரி நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில், ராமலிங்கத்தின் போனுக்கு ஒரே ஒரு முயற்சி மீதம் இருந்தது.

பூட்டைத் திறக்கும் ரகசிய எண், கடைப் பேச்சில் 'கோடு', அதை ஐந்து தடவை போடலாம். நான்கை அவரே முதலியார்பேட்டையில், வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தீர்த்திருந்தார்.

போன் பிரான்சிலிருந்து வந்தது. அந்த ஊர்க் கம்பெனி ஒன்றின் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டியிருந்தது. நம் ஊர் சிம்மைப் போட்டால் திரையில் பிரெஞ்சில் ஒரு வரி வரும். அதோடு சரி.

"நாலு தடவ எதுக்குண்ணே போட்டீங்க?" என்றான் கடைக்காரன் செம்மல். "ஒரு தடவ தப்புன்னா மறுபடியும் தப்புதான். போன் என்ன மனசு மாறுமா?"

"வெரல் மாறிப் பட்டிருக்கும்னு நெனச்சேன்."

"நாலு தடவையுமா?"

ராமலிங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மில் வேலை போன பிறகு ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருக்கிறார். இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தார். அதில் ஒரு மணி நேரம் போய்விட்டது.

பாரிஸில் தங்கை ஜெயத்துக்குப் புதன்கிழமை இதய ஆபரேஷன். கண் முழிச்சதும் ஒன்கிட்ட பேசணும் சின்னண்ணே என்று நேற்று சொல்லியிருந்தாள். அது அவர் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோது.

பூத்துக்கு அவளால் கூப்பிட முடியாது. வீட்டு லேண்ட்லைன், வீட்டைப் பாகம் பிரித்துக் குறுக்கே சுவர் எழுப்பிய இந்த மூன்று வருடமாக, சுவருக்கு அந்தப் பக்கம், பெரியண்ணன் பாகத்தில் இருக்கிறது. அதில் ராமலிங்கத்தைக் கேட்டால் 'அவன் இல்ல' என்று வைத்துவிடுவார்கள்.

அதனால்தான் இந்தப் போன்.

செம்மல் ராமலிங்கம் கொடுத்திருந்த காலண்டர் தாளைத் திருப்பினான். பின்பக்கம், ஜெயம் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. மேலே பதினைந்து இலக்கம், கீழே எட்டு.

"மேல இருக்கறது என்னா?"

"போனோட நம்பராம். பொட்டியில ஒட்டியிருந்தத கம்பெனிக்காரன்கிட்ட படிச்சிக் காட்டி, கீழ இருக்கற கோட வாங்கியிருக்கா."

"பொட்டி?"

"அங்கதான் இருக்கு."

பெட்டியோடு வந்தால் சென்னை விமான நிலையத்தில் தீர்வை கேட்பார்கள். அதனால் லீவில் வருகிறவர்கள் போனை மட்டும் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வருவார்கள். பெட்டி பிரான்சிலேயே தங்கிவிடும்.

செம்மல் ஏதோ ஐந்து பொத்தான்களை அழுத்தினான். திரையில் போனின் சொந்த எண் வந்தது. தாளோடு ஒப்பிட்டான். கடைசி நான்கு இலக்கங்கள் வேறாக இருந்தன.

"அண்ணே, இது இந்தப் போனோட கோடே இல்ல. அவங்க ஒரே மாதிரி ரெண்டு வாங்கியிருக்காங்க, பொட்டி மாறிப்போச்சு. இன்னொண்ணு யாருக்கு வந்துது? அவங்ககிட்ட இருக்கற கோடுதான் உங்க கோடு. வாங்கியாந்தீங்கன்னா ஒரு நிமிஷ வேல."

கடையில் இன்னும் ஒருவர் இருந்தார். கதவோரம் ஸ்டூலில், வெள்ளைச் சட்டை, அறுபது வயது இருக்கும். முறைக்காகக் காத்திருந்தார். வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் வந்துது" என்றார் ராமலிங்கம், தேவைக்கு மேல் சத்தமாக.

"நல்லா யோசிச்சி சொல்லுங்க. சொந்தக்காரங்க யாருக்காவது…"

"எனக்கு யாரும் இல்ல. நீ போடு."

"போட்டா பூட்டிக்கும்ணே. தெரிஞ்சே போடச் சொல்றீங்களே."

"மேல இருக்கறத நான் தப்பா எழுதியிருப்பேன். கோடு சரியாத்தான் இருக்கும். போடுய்யா."

செம்மல் ஒரு கணம் பார்த்தான். பிறகு எட்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினான்.

ஸ்டூலில் இருந்தவர் ஒருமுறை இருமினார்.

திரையில் வழக்கமான வரி வரவில்லை. அதைவிடச் சிறிய வேறொரு வரி வந்தது.

"அவ்ளோதான். இனிமே மெட்ராஸ் ரிச்சி தெருவுக்கு அனுப்பி, கேபிள் போட்டுத்தான் எடுக்கணும். பத்து நாளாவும். அதுவரைக்கும் சிம்ம வேற யார் போன்லயாவது போட்டுக்குங்க."

"யார் போன்ல?"

செம்மல் போனை அவர் பக்கம் நகர்த்தினான்.

ராமலிங்கம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். காலண்டர் தாளை எடுக்கவில்லை.

ஸ்டூலில் இருந்தவர் எழுந்து வந்தார். கண்ணாடி மேசைமேல் ஒரு போனை வைத்தார். அதே மாடல், அதே கறுப்பு. பக்கத்தில் நான்காக மடித்த ஒரு தாள்.

செம்மல் அதைப் பிரித்து மேல் வரியைப் படித்தான். இப்போது வெளியே போன போனின் எண்.

"ஏன் சார், அவரு நிக்கறப்பவே சொல்லியிருக்கலாமே! அவர உங்களுக்குத் தெரியுமா?"

"கூடப் பொறந்தவன்" என்றார் பெரியண்ணன் கிருஷ்ணசாமி. காலண்டர் தாளை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினார். "இதுல இருக்கறதப் போடு."

முதல் தடவையிலேயே திறந்தது.

வியாழக்கிழமை மதியம் ஜெயம் கண் விழித்து இரண்டு அண்ணன்களின் நம்பருக்கும் கூப்பிட்டாள். ஒன்று கிடைத்தது.