ஒரே பூச்சு

கன்டோன்மென்ட் பங்களாவின் பைன் மரக் கதவுகளுக்கு வெள்ளை வர்ணம் பூச, 1934 சித்திரையில் காத்தானும் ரசூலும் வந்தார்கள். நன்றாகப் பூசுகிறவனுக்கே பக்கத்துப் பங்களா வேலையும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

காத்தான் மூன்று முறை பூசியும் மரத்தின் பிசின் மஞ்சளாகக் கசிந்தது. ரசூலின் கதவு பாலாக வெளுத்திருந்தது. மேஸ்திரி அதையே தடவித் தடவிப் பார்த்தார். காத்தானுக்கு வயிறெரிந்தது.

“எத்தனை பூச்சு, பாய்?”

“ஒண்ணுதாண்ணே.”

பொய் என்று நினைத்தான் காத்தான். ரசூல் மதியத் தொழுகைக்குப் போனதும், பூச்சின் கனம் பார்க்கச் சுரண்டும் கத்தியை அந்தக் கதவில் அழுத்தினான். வெள்ளை உதிர்ந்தது, மரம் வரவில்லை. இன்னும் அழுத்தினான். சாண் நீளக் கத்தி பிடிவரை இறங்கியது. கதவோ ஓர் அங்குலக் கனம்தான். கத்தியை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தான். பூசாத பலகை கீறலின்றி இருந்தது. முனை எங்குமே தெரியவில்லை.

திரும்பிவந்த ரசூல் கத்தியைப் பார்த்தான். கோபப்படவில்லை.

“உங்க கதவுல எவ்வளவு தூரம் போகுதுண்ணே?” என்று அக்கறையோடு கேட்டான்.

காத்தான் கத்தியை உருவித் தன் கதவில் வைத்து, இரு கையாலும் அழுத்தினான். மூன்று பூச்சிலும் நுனிகூட இறங்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது.