ரொட்டிக் கடைக்கு டெஸ்மண்டின் எழுத்து

மில்வாக்கியில் காலை வெயில் புது ரொட்டிக் கடையின் கண்ணாடியில் விழுகிறது. மனைவி லோரெய்ன் ஒட்டும் சிவப்பு எழுத்துகளை எம்மெட் உள்ளங்கையால் அழுத்துகிறான். ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டைத் தூரிகையை ஒரே வீச்சில் இழுத்ததுபோல் கொழுத்த உடல், மயிரிழையாய் முடியும் வால். இந்த எழுத்துருவை வடிவமைத்தவன் எம்மெட்டின் பழைய கூட்டாளி டெஸ்மண்ட். பீர் புட்டி, சினிமா சுவரொட்டி என்று ஊரெல்லாம் இந்த எழுத்துதான். இப்போது சொந்தக் கடையிலும்.

“நானும் எழுத்து வரையறவன்தான். மறந்துட்டியா?” என்கிறான் எம்மெட்.

“உன் எழுத்து உக்காந்து புத்தகம் படிக்க, கண்ணா. இது ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே ஆளைக் கூப்பிடுது.”

எம்மெட் ஒவ்வொரு வளைவிலும் குறை தேடுகிறான். அகப்படவில்லை. சிக்னலில் நின்ற பேருந்தின் ஜன்னலோரத் தலைகள் கடைப்பக்கம் திரும்புகின்றன.

“நல்லா இருக்கா?” என்கிறாள் லோரெய்ன்.

விளக்கு பச்சையாகி, பேருந்து போன பிறகுதான், “இருக்கு” என்கிறான்.