கித்தாருக்கு இரண்டு குடம் தண்ணீர்

கமலவேணியின் கண் பட்டுத்தான் தன் கித்தார் பிளந்தது என்று அம்மாபேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் தண்டாயுதபாணி.

ஊரும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவான அவர், சாயங்காலம் கித்தாரை மடியில் வைத்தாரோ இல்லையோ, பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி கமலவேணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏனுங்ண்ணா, அந்தப் பூனைய உட்ருங்க, பாவம்."

கித்தார் லேசுப்பட்டதல்ல. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார ரயில் கார்டு ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. அந்தத் துரையின் தாத்தா வாசித்ததாம். சித்திரை வெயிலில் அதன் மேல்பலகை நகம் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டுவிட்டது.

அதுவும் எந்த நேரத்தில்! சேலத்தில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனி வாத்தியார், இருபது நாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் கம்பெனியோடு ஊர் ஊராகப் போகலாம். பத்து வருஷமாக மூட்டை எண்ணிச் சலித்த மனுஷன், அந்த ஒரு நாளை நம்பித்தான் சோறு தின்றுகொண்டிருந்தார்.

தறி செய்யும் வெள்ளியங்கிரி ஆசாரி பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"மரம் காய்ஞ்சு சுருங்கிக் கெடக்குதுங்க. இப்ப வச்சிரம் போட்டு ஒட்டினா வேற பக்கம் பொளக்கும். பதினஞ்சு நாள் ஈரக்காத்துல தொங்கட்டும். தானா மூடிக்கும், அப்புறம் ஒட்டறேன்."

கித்தாரை வாங்கி வைத்துக்கொண்ட ஆசாரி, எங்கே தொங்குகிறது என்று மறுநாள் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றிவிட்டார்.

எட்டாம் நாள் தண்டாயுதபாணி கண்ணாலேயே பார்த்துவிட்டார். கமலவேணி வீட்டுத் தறிக்கூடத்து ஜன்னல் வழியாக, குழித்தறிக்கு மேலே உத்தரத்தில் அவருடைய கித்தார் தொங்கிக்கொண்டிருந்தது. நேரே ஆசாரியிடம் ஓடி, போயும் போயும் கண் வைத்தவள் கையிலேயே கொடுத்தீர்களே என்று கத்தினார்.

ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

"நூல் அறுந்துடாம இருக்கத் தறிக்கூடத்தை ஈரமா வெச்சிருப்பாங்க. வேற எடம் ஏதுங்க? அந்தம்மாதான் தானா வந்து, எங்கூட்ல தொங்க உடுங்கன்னு வாங்கிட்டுப் போச்சு. நீங்க சும்மா இருக்கமாட்டீங்கன்னுதான் சொல்ல வேண்டாம்னுச்சு. தெருக்கெணறு வத்திப்போச்சு. அரை மைல் நடந்து, தறிக்கு ரெண்டு கொடம், உங்க கித்தாருக்கு ரெண்டு கொடம்னு தினம் சொமக்குது."

தண்டாயுதபாணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து கண் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பதினைந்தாம் நாள் விரிசல் மயிரிழையாக மூடியிருந்தது. ஆசாரி வச்சிரம் காய்ச்சி ஊற்றி, உள்பக்கம் சின்னச் சின்ன மரச்சில்லு வைத்து ஒட்டினார். வெள்ளிக்கிழமை தண்டாயுதபாணி வாசித்ததைக் கேட்ட நாடக வாத்தியார், ஞாயிற்றுக்கிழமையே மூட்டை கட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். முதலில் மதுரை, அப்புறம் சிலோன். திரும்பி வர இரண்டு வருஷமாகும்.

தண்டாயுதபாணி தட்டு நிறைய வெற்றிலை, பாக்கு, பழத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். கமலவேணி அப்போதுதான் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவருக்குக் கண் கலங்கியது.

"அம்மிணி, உன்னைப் பத்தி ஊரெல்லாம் தப்பாப் பேசிட்டேன். கூடப்பிறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா. என் வாசிப்பு மேல இத்தனை பிரியம் வெச்சிருக்கிறவங்களை விட்டுட்டு நான் எங்க போறது? கம்பெனி வேண்டாம்னு சொல்லிடறேன். இனிமே தினமும் உனக்காகவே வாசிக்கிறேன்."

கமலவேணி கையிலிருந்த குடம் தொப்பென்று விழுந்து உருண்டது.

"ஐயோ சாமி, அப்படி ஏதும் பண்ணிப்போடாதீங்க. நீங்க ஊரைவிட்டுப் போவோணும்னுதானுங்க பதினஞ்சு நாளாத் தண்ணி சொமந்தேன்."