நாற்பதுக்குப் பூஜ்யம்

லேக் மார்க்கெட் டியூஷனில் பிசிக்ஸ் மாதிரித் தேர்வின் முடிவு வந்தது. மெக்கானிக்ஸ் முதல் மின்காந்தம் வரை நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒன்றைக் குறிக்க வேண்டும். சாதனா நாற்பதுக்குப் பூஜ்யம் வாங்கியிருந்தாள்.

துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் அப்பா பட்டாபி, லீவு போட்டுவிட்டு வந்தார்.

"ரெண்டு வருஷமா படிக்கறா. ஒண்ணுகூடவா சரியில்ல மேடம்? இவளை என்ஜினியர் ஆக்கணும்னு நெனச்சிண்டிருந்தேன்."

"வேண்டாம் சார். அவ ஆசைப்படற ஹிஸ்டரியே படிக்கட்டும்," என்றாள் பிசிக்ஸ் எடுக்கும் கீதாஞ்சலி டீச்சர்.

பட்டாபி விடைத்தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மகளிடம், "சரிம்மா, உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டு பெஹாலாவில் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோ பார்க்கப் போனார்.

சாதனா மெல்ல மூச்சு விட்டாள்.

"கண்ண மூடிண்டு குறிச்சாலே பத்து கேள்வியாவது சரியா வந்துடும்," என்றாள் டீச்சர். "நாப்பதையும் தப்பாப் போடணும்னா, நாப்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்."

சாதனா தலைகுனிந்தாள். "அப்பாகிட்ட ஏன் சொல்லல, டீச்சர்?"

"உன் வயசுல எனக்கும் ஹிஸ்டரிதான் ஆசை. நான் அசடாட்டம் எல்லாத்தையும் சரியா எழுதிட்டேன்."